48 கே-க்குள் ஒரு நாவல்

(மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் மாணவி, புவனகிரி)

கம்ப்யூட்டர் கேம் என்றதும் நம்மில் பாதிப் பேருக்குத் துப்பாக்கி ஞாபகம் வரும், மீதிப் பேருக்குக் கிரிக்கெட். ஹாஸ்டல் அண்ணன்மார்கள் இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்த்துவிடுகிறவர்கள். அது கிடக்கட்டும். சிறுவர்கள் படிக்கிற ஒரு மாயாஜால நாவலைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்து, "இதைக் கேம் ஆக்கித் தா" என்று ஒருவர் கேட்டால் எங்கே ஆரம்பிப்போம்? முதல் அத்தியாயத்தைப் படமாக வரைவோமா? கதாநாயகன் கையில் வாளைக் கொடுத்து ஓட விடுவோமா?

1980-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், நம்மைப் போலப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவிக்கு இந்த வேலை வந்தது. அவர் பெயர் வெரோனிகா மெக்லர். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி. பகுதி நேர வேலைக்கு விளம்பரம் பார்த்துப் போனார். ஆல்ஃபிரட் மில்குரோம் என்பவர் நடத்திய சின்ன கம்பெனி அது. இதுவரை வந்த அட்வெஞ்சர் கேம் எல்லாவற்றையும் விடச் சிறந்த ஒன்றை எழுது என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான் உத்தரவு! கூடப் படித்த ஃபிலிப் மிட்செலும் சேர்ந்துகொண்டார். எடுத்துக்கொண்ட கதை, டோல்கீன் எழுதி 1937-இல் வெளிவந்த 'தி ஹாபிட்'. 1982-இல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது வெளிவந்தது. பாட்டு கேட்கிற ஆடியோ கேசட்டிலேயே புரோகிராம், அதோடு ஒரே பெட்டியில் நாவல் புத்தகமும் வைத்து விற்றார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பில்போ என்று ஒரு சாது. வீட்டை விட்டு எங்கும் போகாதவன், வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும். அவனை கேண்டால்ஃப் என்ற மந்திரவாதியும் தோரின் என்ற தலைவனோடு சேர்த்துப் பதின்மூன்று சித்திரக்குள்ளர்களும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். தூரத்து மலைக்குள் ஸ்மாக் என்ற டிராகன் அவர்களுடைய தங்கத்தின் மேல் படுத்திருக்கிறது. அதை மீட்க வேண்டும். வழியில் பூதம், குகை, கோல்லம் என்கிற வழுவழுப்பான பிராணியோடு விடுகதைப் போட்டி, போட்டால் ஆள் மறைந்துபோகிற ஒரு மோதிரம். நம்ம ஊர் ஆயாக்கள் சொல்லாத கதை ஒன்றும் இல்லை.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த நாவலில் சுமார் 95,000 சொற்கள். ஒரு சொல்லுக்கு இடைவெளியும் சேர்த்து ஆறு பைட் என்றால் 5,70,000 பைட். ஸ்பெக்ட்ரமில் இருந்த மெமரி 48 கே, அதாவது 49,152 பைட். அதிலும் திரைக்கு மட்டும் 6,912 பைட் போய்விடும். ஆக, மெமரியைப்போலப் பதினோரு மடங்குக்கு மேல் பெரிய புத்தகம்! நாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு குட்மார்னிங் படம்கூட அந்த மெமரிக்குள் அடங்காது. அதற்குள் கதை, படம், விதிகள், புரோகிராம் எல்லாம் உட்கார வேண்டும்.

எனவே முதல் வேலை வெட்டுவது. பதின்மூன்று சித்திரக்குள்ளர்களில் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோரின் மட்டும் மிஞ்சினார். இது நாவலுக்குச் செய்த துரோகம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புத்தகத்தில் அந்தப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேரை எனக்குப் பேர் சொல்லித்தான் பிரிக்கத் தெரிந்தது. ஒருவர் செய்வதை இன்னொருவரும் செய்வார் என்றால் கேமுக்கு ஒருவர் போதும். சொற்களையும் சிக்கனம் செய்தார்கள். அடிக்கடி வரும் சொல்லை ஓர் அகராதியில் ஒரே முறை எழுதிவைத்து, வாக்கியத்தில் அதன் எண்ணை மட்டும் வைப்பது. டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பரில் பாயின்டர் என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அதே சங்கதி.

இடங்களை எப்படி வைப்பது? இது சுலபம். புவனகிரி பஸ் ஸ்டாண்டை இடம் எண் 1 என்று வையுங்கள். தெற்கே போனால் 2, வெள்ளாற்றுப் பாலம். பாலத்திலிருந்து வடக்கே என்றால் மறுபடி 1, தெற்கே என்றால் 3, கீரப்பாளையம். இப்படியே போனால் சிதம்பரம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி. அந்த வரியில் நான்கு திசைக்கும் நான்கு எண். வழி இல்லாத திசைக்குப் பூஜ்யம். ஓர் இரட்டைப் பரிமாண அரே போதும், கதையின் பூகோளம் முழுக்க அதில் அடங்கிவிடும். 'தி ஹாபிட்' ஒரு பயணக் கதை என்பதால் இதற்கு ரொம்பத் தோதாக அமைந்தது.

ஆனால் இடமும் பொருளும் இருந்தால் மட்டும் கதை ஆகிவிடுமா? இங்கேதான் மெக்லர் என்ற மாணவியின் மூளையைப் பாராட்ட வேண்டும். அதற்கு முன் அமெரிக்காவில் 1976-இல் வில் குரோதர் எழுதி, 1977-இல் டான் உட்ஸ் பெரிதாக்கிய 'அட்வெஞ்சர்' என்ற குகை விளையாட்டு பிரபலம். எழுத்திலேயே நடக்கும். "வடக்கே போ", "விளக்கை எடு" என்று டைப் அடித்தால் என்ன நடந்தது என்று திரையில் எழுத்து வரும். மெக்லரும் அதை விளையாடியவர்தான். குகையின் வரைபடத்தைப் போட்டு முடித்ததும் அவருக்கு அலுத்துவிட்டது. ஏன்? எத்தனை முறை போனாலும் அதே இடத்தில் அதே ஆள் அதே காரியத்தைச் செய்வான்.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து நடக்கும். பார்த்திருப்பீர்கள். துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்று தெரியாதவர் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஒரு வருஷமாவது அவன் பிழைத்து எழுந்து போனான் என்று கேள்விப்பட்டதுண்டா? இருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். கட்டியங்காரன் இன்றைக்கு யாரைக் கிண்டல் அடிப்பான், முன் வரிசையில் தூங்குகிற பெரியவரை என்ன சொல்லி எழுப்புவான் என்பது யாருக்கும் தெரியாதே! கதை கட்டிப்போட்டது, கட்டியங்காரன் அவிழ்த்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால்தான் ராத்திரி ஓடும்.

மெக்லர் ஒரு படி மேலே போனார். துரியோதனனையும் பீமனையும்கூட அவிழ்த்து விட்டுவிட்டார்! அந்த விளையாட்டில் கேண்டால்ஃபுக்கும் தோரினுக்கும் பூதங்களுக்கும் தனித்தனியே செய்கைப் பட்டியல் உண்டு. நாம் ஒரு கட்டளை கொடுத்து முடிப்பதற்குள் அவர்களும் தங்கள் பாட்டுக்கு ஏதாவது செய்வார்கள். நாம் ஒன்றும் டைப் செய்யாமல் சும்மா இருந்தாலும் நேரம் நகரும். கேண்டால்ஃப் நம் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்துவிட்டு எங்கோ போய்விடுவார். தோரின் அவசரமான நேரத்தில் உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாட ஆரம்பித்துவிடுவார். அந்தக் காலத்தில் விளையாடியவர்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்துவது இதைத்தான். பாருங்கள், தங்கத்தின் மேல் பைத்தியமான கிழவர் என்று நாவல் பல அத்தியாயங்களில் காட்டியதை, எப்போதாவது வந்துபோகிற ஒரே ஒரு வரி காட்டிவிட்டது.

இதற்கு விலையும் இருந்தது. ஆட்களை அவிழ்த்துவிட்டால் அவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள், சாவார்கள். டிராகனை வீழ்த்த பார்ட் என்ற வில்லாளியை ஏவ வேண்டும். அவன் முன்னாலேயே செத்திருந்தால் அம்பு விட யார்? பத்தாம் போரிலேயே பீமன் போய்விட்டால் பதினெட்டாம் போரில் துரியோதனன் தொடையில் அடிப்பது யார் என்கிற கதைதான். அப்புறம் விளையாட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பொறுமையில்லாதவர்கள் இதைப் பெரிய குறை என்றார்கள். நான் மெக்லர் பக்கம். ஒவ்வொரு முறையும் கதை பிழைக்குமா பிழைக்காதா என்ற பயம் இருந்தால்தான் அது நம்முடைய பயணம்.

இன்னொரு நுட்பம். எல்லாப் பொருளுக்கும் எடை, பருமன் உண்டு, எல்லா ஆளுக்கும் பலம் உண்டு. ஆளும் ஒரு பொருள்தான், பலம் போதுமானால் ஆளையே ஆள் தூக்கலாம். குட்டிச்சாத்தான்களின் சிறையில் பில்போ மாட்டிக்கொள்கிற இடம் வரும். ஜன்னல் அவனுக்கு எட்டாது. என்ன செய்வது? தோரினிடம் "என்னைத் தூக்கிக்கோ" என்று சொல்ல வேண்டும்! இது நாவலில் இல்லாத காட்சி. ஆனால் நாவலில் இருந்தே பிறந்தது. பில்போ குட்டையானவன், துணை இல்லாமல் பிழைக்க முடியாதவன் என்பதை எண்ணாக மாற்றிவைத்தார்கள், காட்சி தானாக வந்து சேர்ந்தது. காட்சியைக் காப்பி அடிப்பதைவிட விதியைக் கண்டுபிடிப்பது மேல் என்று எனக்குப் புரிந்த இடம் இதுதான்.

பிற்காலத்தில் வந்த பலவற்றில் இந்த உழைப்பு குறைவு. 2001-இல் ஹாரி பாட்டர் முதல் கதை கம்ப்யூட்டர் விளையாட்டாக வந்தது. படம் பிரமாதம். ஆனால் நீங்கள் கோட்டை முழுக்க ஓடி ஓடி மிட்டாய் பொறுக்குவீர்கள். 2003-இல் 'தி ஹாபிட்'டே புதிதாக வந்தது, அதிலும் பில்போ தாவுகிறான், குதிக்கிறான். சாப்பாட்டு ராமன் பில்போவுக்கு இப்படி ஒரு கதியா என்று இருந்தது எனக்கு.

மறுபடி 1982-க்கு வருவோம். மிட்செல் செய்த பெரிய வேலை, நாம் டைப் அடிப்பதைப் புரிந்துகொள்ளும் பகுதி. அதற்குப் பார்சர் என்று பெயர். அதுவரை பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு இரண்டு சொல்தான் புரியும்: ஒரு வினை, ஒரு பெயர். 'தி ஹாபிட்' முழு வாக்கியத்தையே ஏற்றுக்கொண்டது. எதை, எதனால், யாரிடம் என்பதை ஆங்கிலத்தில் சொல் நிற்கிற இடத்தை வைத்தும் இடையில் வருகிற சின்னச் சொற்களை வைத்தும் பிரிக்க வேண்டும். அதைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை ஓடியது. தமிழில் இந்தத் தொல்லையே கிடையாதே!

"பூதத்தை வாளால் வெட்டு." "வாளால் பூதத்தை வெட்டு." எப்படி மாற்றிப் போட்டாலும் வெட்டுப்படுவது பூதம்தான். ஐ வந்தால் எதை, ஆல் வந்தால் எதனால், இடம் வந்தால் யாரிடம். வினை கடைசியில் காத்திருக்கும். எட்டாம் வகுப்பில் வேற்றுமை உருபு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டபோது இது எதற்கு என்று கேட்ட கூட்டத்தில் என் பெஞ்சும் உண்டு. இதற்குத்தான்!

கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. 'பாம்பு' நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ஆறு குறியீடு, யுடிஎஃப்-8 முறையில் 18 பைட். 'வாளால்' என்பதிலிருந்து 'ஆல்' உருபைக் கழற்றினால் 'வாள' என்று தொங்கும், புள்ளி ஒன்றை நாம் வைத்தால்தான் 'வாள்' ஆகும். 'மரத்தை' என்பதில் ஐயைக் கழற்றினால் மரம் வராது, இடையில் 'அத்து' உட்கார்ந்திருக்கிறது. வீடு வீட்டை ஆகும், ஆறு ஆற்றை ஆகும். போதாததற்கு "பூதத்தைக் குத்து" என்றால் நடுவில் ஒரு க் முளைக்கும். இன்னும் ஒன்று. "வாளை எடு" என்று என் புரோகிராமுக்குச் சொன்னால் அது வாளை எடுக்க வேண்டுமா, கிள்ளை மார்க்கெட்டில் விற்கிற வாளை மீனை எடுக்க வேண்டுமா?

சொல்லை உரித்து உரித்துப் பார்ப்பதைவிட எளிய வழி, முன்கூட்டியே உருவாக்கி வைப்பது. ஒரு சின்ன விளையாட்டில் முப்பது பொருள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆறு உருபு வடிவம் என்றால் 180 சொல். அதை ஒரு பைத்தான் டிக்ஷனரியில் போட்டுவிட்டால் தேடுவது கண் சிமிட்டுகிற நேரம். எழுத்துத் தமிழோடு பேச்சுத் தமிழையும் சேர்க்கலாம்: பெட்டியை, பெட்டிய, வேதாளத்திடம், வேதாளத்துகிட்ட. மீன் தகராறுக்கு, விளையாட்டில் மீனே வைக்காமல் விட்டுவிடுவது உத்தமம்.

வேதாளம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? சொல்கிறேன். 'தி ஹாபிட்'டை நாம் தொட முடியாது. டோல்கீன் 1973-இல் காலமானார். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு வரை காப்புரிமை, அதாவது 2033 முடிய. மெல்போர்ன்காரர்கள் உரிமை வாங்கித்தான் செய்தார்கள். ஆனால் விக்கிரமாதித்தன் கதைக்கு யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. எங்க ஆயாவிடம் மட்டும் கேட்டேன். அவங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கதை முழுக்கத் தெரியும். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். ஆறாவது படிக்கிற தம்பி போனில் விளையாடாத கேம் இல்லை. ஆனால் பட்டனின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துத்தான் அழுத்துவான், எழுதியிருப்பது ஆங்கிலம். இத்தனை மணி நேரம் விளையாடியும் ஒரு சொல்கூட அவன் படிக்க வேண்டி வரவில்லை. ஆயாவிடம் இருக்கிற கதையும் தம்பி கையில் இருக்கிற கருவியும் ஒரே வீட்டில் ஒன்றை ஒன்று பார்க்காமல் கிடக்கின்றன.

நம்மவர்கள் கேம் செய்யாமல் இல்லை. 2020-இல் புனே குழு ஒன்று நம் புராணங்களை வைத்து 'ராஜி' செய்தது. 2023-இல் கனடாவின் டொராண்டோவிலிருந்து 'வெண்பா' வந்தது. 1988-இல் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்து அம்மா, பாழாய்ப்போன சமையல் குறிப்பில் விட்டுப்போன வரியை ஊகித்து இட்லி ஊற்றுகிற விளையாட்டு. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. அவை புதிதாகப் புனைந்த கதைகள். எழுதிவைத்த, சொல்லிவைத்த கதையைத் தமிழில் கட்டளை கொடுத்து விளையாடுவது வேறு வேலை.

விக்கிரமாதித்தனைப் புரோகிராமாகப் பாருங்கள், அசந்துபோவீர்கள். வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான், அது கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்து சொன்னாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இது சுத்தமான லூப்! லூப்பிலிருந்து வெளியே வர ஒரே நிபந்தனை, அவனுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி.

இங்கேதான் முட்டிக்கொண்டது. புத்தகத்தில் மன்னன் உண்மையிலேயே தெரியாமல் மௌனமாக இருந்தான் என்று கதை சொல்பவர் சொன்னால் நம்பிவிடுகிறோம். கேமில் விளையாடுகிறவன் சும்மா இருந்தால் அவனுக்குத் தெரியாதா, தெரிந்தும் கள்ளத்தனமா? கணிப்பொறிக்கு நாம் டைப் செய்வதுதான் தெரியும், மண்டைக்குள் இருப்பது தெரியாது. முதல் கேள்விக்கே மௌனமாக இருந்து ஜெயித்துவிட்டுப் போய்விடுவானே! ஆயாவிடம் கேட்டேன். "தெரிஞ்சிகினே சும்மா இருக்கறவன் மூஞ்சியில தெரியாதா? கத கேக்கறப்பவே இன்னா இன்னான்னு கேட்டிருப்பானே" என்றார்கள்.

அதுதான் வழி! வேதாளம் கதையை ஒரே மூச்சில் கொட்டக் கூடாது. துண்டு துண்டாகச் சொல்லும். நடுவில் "அமைச்சனைப் பற்றிக் கேள்", "பெண்ணிடம் மோதிரம் இருந்ததா என்று கேள்" என்று விளையாடுகிறவன் கேட்கலாம். பதிலுக்குத் தேவையான துப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, அதாவது பூஜ்யம் அல்லது ஒன்று. கேட்டுத் தெரிந்துகொண்டால் ஒன்று. எல்லாக் கொடியும் ஒன்றான பிறகு வாய் மூடியிருந்தால் தலை வெடிக்கும். சரி, ஒன்றுமே கேட்காமல் உம்மென்று நடந்தால்? வேதாளம் கோபித்துக்கொண்டு பாதிக் கதையிலேயே மரம் ஏறிவிடும். கடைசிக் கதையில் மட்டும் எல்லாவற்றையும் கேட்ட பிறகும் ஒரு கொடி பூஜ்யமாகவே நிற்கும், கதையிலேயே அதற்கு விடை இல்லை. அங்கே மௌனம்தான் சாவி.

இப்போதைக்கு மூன்று இடம், ஒரு மரம், ஒரு வேதாளம், இரண்டு கதை லேப் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. படம் ஒன்றும் இல்லை, வெறும் எழுத்து. தம்பி ஞாயிற்றுக்கிழமை என் பிரண்டின் லேப்டாப்பில் உட்கார்ந்து "வேதாளத்த கட்டு" என்று ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தான். "கட்டு" புரிந்தது. அடுத்து "அத்த இஸ்து போடு" என்று அடித்தான். "புரியவில்லை" என்று பதில் வந்தது. தப்பு அவன் மேல் இல்லை, 'இஸ்து' அகராதியில் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல் என்று எந்தத் துறையாக இருந்தாலும் சரி. எடு, இழு, தூக்கு, கட்டு, அடி, ஓடு இந்த ஆறுக்கும் உங்கள் ஊரில் என்னென்ன சொல்வார்கள் என்று ஒரு தாளில் எழுதி, ஊர்ப் பெயரையும் போட்டு, கம்ப்யூட்டர் லேப் வாசலில் நான் வைத்திருக்கும் அட்டைப்பெட்டியில் போடுங்கள். பண்ருட்டிப் பக்கம், காட்டுமன்னார்கோவில் பக்கம், பரங்கிப்பேட்டைப் பக்கம் உள்ளவர்கள் அவசியம் எழுத வேண்டும். கெட்ட வார்த்தை வேண்டாம், அதற்கு வேதாளம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.